பட்டன் கத்தியின் ஆயுள்: ஸ்பிரிங்கா, பூட்டா, எஃகா?

பட்டனை அழுத்தினால் தானாக விரியும் மடக்குக் கத்தியை அன்றாடம் பையில் வைத்துப் புழங்கலாமா, புழங்கினால் அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. விடைகளுக்கும் குறைவில்லை. ஸ்பிரிங் என்று ஒன்று இருந்தாலே என்றைக்காவது உடையும் என்பார்கள் சிலர். நல்ல ஸ்பிரிங்காகப் பார்த்து வாங்கினால் போதும் என்பது வேறு சிலர் கட்சி. எஃகின் தரத்தைப் பார், மற்றதெல்லாம் பிறகு என்ற குரல்தான் இப்போது உரக்கக் கேட்கிறது. பழுது பார்க்க முடிகிற கத்தியே நீடிக்கும் கத்தி என்பவர்கள் தொகையில் குறைவு.

தமிழில் ‘பட்டன் கத்தி’ என்றதும் பழைய படங்களின் வில்லன் கை நினைவுக்கு வரும். இங்கே பேச்சு அட்டைப்பெட்டி பிரிக்கிற, கயிறு அறுக்கிற, பழம் நறுக்குகிற ஒரு கருவியைப் பற்றியது. இந்தக் கத்திகளைச் செய்வதும், சேகரிப்பதும், இவற்றைப் பற்றி வழக்காடுவதும் அமெரிக்காவில் பெரிய அளவில் நடப்பதால் சான்றுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

கேள்வி பிறந்த இடம்

ஐரோப்பாவில் ஸ்பிரிங் கத்திகள் முன்பே இருந்தன. ஆனால் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து சாதாரண மனிதர் சட்டைப்பைக்குக் கொண்டுவந்ததில் ஜார்ஜ் ஷ்ரேடுக்குப் பெரும் பங்கு உண்டு. 1890களில் நியூயார்க்கில் பட்டன் கத்திக்குக் காப்புரிமை வாங்கினார். 1904இல் சகோதரர்களுடன் வால்டன் என்ற ஊரில் ஷ்ரேடு கட்லரி நிறுவனத்தைத் தொடங்கினார். விரல்நகம் உடையாமல் திறக்கலாம் என்பதே அந்தக் காலத்தில் இந்தக் கத்திக்கு இருந்த கவர்ச்சி. ஒரு கையில் பொருளைப் பிடித்தபடி மறுகையால் கத்தியைத் திறக்க வேண்டியவர்களுக்கு அது உண்மையான உதவியாகவும் இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பாராசூட் வீரர்களுக்கு எம்2 என்ற பட்டன் கத்தி வழங்கப்பட்டது. மரத்திலோ கம்பத்திலோ பாராசூட் சிக்கிக்கொண்டால் ஒரு கையால் கத்தியைத் திறந்து கயிற்றை அறுக்க வேண்டும் என்பதுதான் காரணம். பின்னால் வந்த எம்சி-1 கத்திக்கு ஆரஞ்சு நிறப் பிடி. அதன் ஒரு பக்கத்தில் கயிறறுக்கும் கொக்கி அலகு, மறுபக்கத்தில் பட்டனால் விரியும் அலகு. உயிர் தொங்கும் இடத்தில் நம்பி வைக்கப்பட்ட கருவி என்ற பெயர் அப்படித்தான் அதற்கு வந்தது.

அதே கத்திக்கு எதிர்ப் பெயரும் சீக்கிரமே வந்தது. போருக்குப் பின் ஸ்டிலெட்டோ என்ற இத்தாலியப் பட்டன் கத்திகள் மலிவாக வந்து குவிந்தன. 1950இல் ‘வுமன்ஸ் ஹோம் கம்பானியன்’ இதழில் இவற்றைக் கொல்லும் விளையாட்டுப் பொருள் என்று சாடி ஒரு கட்டுரை வந்தது. 1955இல் ‘ரெபல் வித்அவுட் எ காஸ்’, 1957இல் ‘12 ஆங்ரி மென்’ என்று திரைப்படங்களும் கத்தியை இளைஞர் வன்முறையின் சின்னமாகவே காட்டின. 1958 ஆகஸ்ட்டில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டம் மாநில எல்லை தாண்டிய வணிகத்தைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனும் தடை போட்டது.

இந்தத் தடைக்கும் கத்தியின் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு. வாங்குவோரும் செய்வோரும் கூச்சப்பட்ட ஒரு சந்தையில் பல பத்தாண்டுகள் மலிவான, பகட்டான கத்திகளே மிஞ்சின. ‘பட்டன் கத்தி என்றால் ஆறு மாதத்தில் உடையும்’ என்ற பேச்சின் வேர் பெரும்பாலும் அந்தக் காலத்துக் கத்திகளில்தான் இருக்கிறது எனலாம்.

பாகம் குறைந்தால் பழுது குறையும்

முதல் விடை இதுதான். விரலால் விரிக்கும் கத்தியில் அலகு, அச்சு, பூட்டு என்று மூன்றே முக்கிய உறுப்புகள். பட்டன் கத்தியில் அலகைத் தள்ளும் ஸ்பிரிங் ஒன்று கூடுகிறது, பட்டனுக்கு அடியில் இன்னொன்று, பல கத்திகளில் பட்டன் தவறி அமுங்காமலிருக்க ஒரு சேஃப்டியும். கூடும் ஒவ்வொரு உறுப்பும் பழுதாக ஓர் இடம் என்ற கணக்கில் தவறில்லை.

ஆனால் இந்தக் கணக்கு உறுப்புகளை எண்ணுகிறதே தவிர, ஒவ்வொன்றும் எவ்வளவு சுமை தாங்குகிறது என்று பார்ப்பதில்லை. கையால் விரிக்கும் கத்தியிலும் லைனர் பூட்டின் மெல்லிய தகடு ஒவ்வொரு முறையும் உரசித் தேய்கிறது. அலகு மூடியே இருக்கப் பிடிக்கும் சிறு குண்டும் அதன் குழியும் தேய்கின்றன. பட்டன் கத்தியில் இவை இரண்டுமே தேவையில்லை, பட்டனே இரு வேலையையும் செய்கிறது. ஆகவே ‘எளிமையானது நீடிக்கும்’ என்பது பொதுவாகச் சரி, இந்த ஒப்பீட்டில் பாதிதான் சரி.

இடையில் மூன்றாவது வகை ஒன்றும் வந்தது. விரலால் சற்றுத் தள்ளினால் மீதியை ஸ்பிரிங் முடித்துவைக்கும் உதவித்திறப்புக் கத்தி அது. கென் ஆனியன் வடிவமைத்து கெர்ஷா நிறுவனம் பரப்பிய ஸ்பீட்சேஃப் அமைப்பு இதில் புகழ்பெற்றது. 2009இல் அமெரிக்கச் சுங்கத் துறை இவற்றையும் பட்டன் கத்தியாகக் கருத முனைந்தபோது, காங்கிரஸ் அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி விலக்கு அளித்தது. ஆயுள் நோக்கில் இவ்வகை இரு பக்கச் சுமையையும் ஏற்கிறது. ஸ்பிரிங்கும் உண்டு, தனிப் பூட்டும் உண்டு. சட்ட வசதிக்காகத்தான் இது இவ்வளவு பரவியது என்பது என் எண்ணம்.

ஸ்பிரிங் எங்கே உடைகிறது

பழைய இத்தாலிய ஸ்டிலெட்டோவைப் பிரித்துப் பார்த்தால் பிடியின் முதுகுப்பக்கம் நெடுக ஒரு பட்டை ஸ்பிரிங் கிடக்கும். ஒரு முனை இறுகப் பொருத்தப்பட்டிருக்கும், மறுமுனை அலகின் அடியை உந்தும். வளைவின் விசை முழுதும் பொருத்திய முனைக்கு அருகே சில மில்லிமீட்டர் இடத்தில் குவிகிறது. உடைந்த பட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் உடைந்திருக்கும். அந்த இடத்தில் ஒரு கீறல், ஒரு துருப்புள்ளி, பதம் ஏற்றியதில் சிறு பிசகு, எது இருந்தாலும் விரிசல் தொடங்க அது போதும்.

இப்போது நன்றாகச் செய்யப்படும், பக்கவாட்டில் விரியும் கத்திகளில் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங்தான். அச்சைச் சுற்றிக் கைப்பிடியில் வட்டமாகக் குடைந்த பள்ளத்தில் அது உட்கார்ந்திருக்கும். ஒரு கால் கைப்பிடியின் துளையில், மறுகால் அலகின் துளையில். அலகை மடக்கும்போது சுருள் இறுகும், பட்டனை அழுத்தினால் பிரியும். கம்பியின் நீளம் முழுவதும் விசையைப் பகிர்ந்துகொள்வதால் எந்த ஒரு புள்ளியும் அளவுக்கு மீறிச் சுமப்பதில்லை. பட்டையைவிடச் சுருள் நீடிக்கும் என்ற கருத்துக்கு இது வலுவான அடிப்படை. அதிலும் ஒரு பலவீனமான இடம் உண்டு. கம்பி சுருளிலிருந்து காலாக மடங்கும் முழங்கைதான் அது. அங்கே மடிப்பு கூர்மையாக இருந்தால் பட்டையின் குறை இங்கும் வந்துவிடும். வாங்குபவர் கண்ணுக்கு இது தெரியாது. செய்பவரின் கவனத்தை நம்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

ஒரு நம்பிக்கையை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். கத்தியை மடக்கியே வைத்திருந்தால் ஸ்பிரிங் ஓய்வில்லாமல் இறுகிக் கிடந்து தளர்ந்துபோகும் என்று பலர் சொல்கிறார்கள். ஒழுங்காகக் கணக்கிட்டுச் செய்த எஃகு ஸ்பிரிங் மீள்திறன் வரம்புக்குள் இறுகிக் கிடப்பதால் மட்டும் களைத்துவிடாது. அதைக் களைக்கச் செய்வது திரும்பத் திரும்ப இறுகிப் பிரிவதே. மலிவான ஸ்பிரிங்கில் முதலில் கொஞ்சம் விசை குறைவது உண்டு, பிறகு அது நின்றுவிடும். தினமும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நூறு தடவை பட்டனைத் தட்டி விளையாடுவதுதான் ஆயுளைத் தின்கிறது. பெட்டி பிரிக்க நாளைக்கு ஐந்து தடவை திறப்பவர் ஆண்டுக்கு இரண்டாயிரத்தை எட்டமாட்டார். விளையாடுபவர் அந்தக் கணக்கை மூன்று வாரத்தில் தாண்டிவிடுவார்.

அடுத்த எதிரி வியர்வை. கம்பிக்குப் பயன்படும் உயர்கார்பன் எஃகு வலிமையானது, ஆனால் எளிதில் துருப்பிடிக்கும். அலகைத் தினமும் துடைப்பவர்கூட கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் ஸ்பிரிங்கை நினைப்பதில்லை. உப்பும் ஈரமும் அந்தப் பள்ளத்தில் தேங்கி, கம்பியில் ஊசிமுனை அளவு குழி விழுந்தால் போதும், களைப்பு விரிசல் அங்கிருந்து புறப்படும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி இதற்கு மாற்று. கடலோரத்தில் வாழ்பவருக்கு அலகின் எஃகைவிட ஸ்பிரிங்கின் எஃகு முக்கியம் என்பது சற்றும் மிகையல்ல.

முன்னால் பாயும் வகை

அலகு பக்கவாட்டில் விரியாமல் பிடியின் நுனியிலிருந்து நேராகப் பாயும் வகைக்கு இன்று பெரும் மோகம். 1994இல் தொடங்கிய மைக்ரோடெக் நிறுவனத்தின் அல்ட்ராடெக் இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. ஒரே விசையை முன்னே தள்ளினால் அலகு வெளியே, பின்னே இழுத்தால் உள்ளே. இந்த இருவழி அமைப்பில் ஒரு சிறப்பு உண்டு. ஓய்வில் இருக்கும்போது ஸ்பிரிங்கில் இறுக்கம் கிட்டத்தட்ட இல்லை, கட்டைவிரல் விசையைத் தள்ளும்போதுதான் இறுக்கம் ஏறி, உச்சத்தில் விடுபடுகிறது.

இதன் ஆதரவாளர்கள் அதைக் காட்டித்தான் நீண்ட ஆயுளுக்கு வாதாடுகிறார்கள். வாதத்தின் ஓட்டை ஸ்பிரிங்கில் இல்லை, பாதையில் இருக்கிறது. ஸ்பிரிங் அலகைத் தொடக்கத்தில் மட்டும் இழுத்துவிடுகிறது, மீதித் தூரத்தை அலகு தன் வேகத்தாலேயே ஓடி முடித்துப் பூட்டில் விழ வேண்டும். கால்சட்டைப் பையின் பஞ்சு, அட்டைப்பெட்டியின் தூள், பிசின், எது அந்தப் பாதையில் படிந்தாலும் வேகம் குறைந்து அலகு பாதி வழியில் நின்றுவிடும். நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தால் மீண்டும் பூட்டில் விழும், சேதம் எதுவுமில்லை. ஆனால் தேவைப்பட்ட அந்த நொடியில் அது கத்தியாக இருக்கவில்லை. இன்னொன்று, நேராக ஓட இடைவெளி வேண்டும், இடைவெளி இருந்தால் அலகில் சிறு ஆட்டமும் இருக்கும். அழுத்தி அறுக்கும் வேலைக்கு அந்த ஆட்டம் உதவாது.

பொறியியலாகப் பார்த்தால் வியக்கத்தக்க அமைப்பு. தூசும் பிசினும் நிறைந்த அன்றாட வேலைக்கு என்று கேட்டால், பக்கவாட்டில் விரியும் கத்தியையே நான் முன்னே வைப்பேன்.

பூட்டும் அச்சும்

வாங்குபவர்கள் அதிகம் பேசாத, கத்தியைப் பழுது பார்ப்பவர்கள் முதலில் தொட்டுப் பார்க்கிற இடம் இது. பட்டன் என்று நாம் அழுத்துவது உண்மையில் ஒரு சிறு எஃகு உருளை. அதன் ஒரு பகுதி தடிப்பு, ஒரு பகுதி மெலிவு. அழுத்தும்போது மெலிந்த பகுதி அலகின் அடிப்பாகத்துக்கு நேரே வருகிறது, அலகு விடுபட்டுப் பாய்கிறது. விரிந்து முடிந்ததும் அடியிலுள்ள சிறு ஸ்பிரிங் உருளையை மேலே தள்ள, தடித்த பகுதி அலகின் மறு வெட்டில் ஆப்புப் போல உட்கார்ந்துகொள்கிறது.

அந்த ஆப்பு உட்காரும் முகம் எவ்வளவு சரியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பொருத்தம் சரியாக இருந்தால், தேயத் தேய உருளை இன்னும் சற்று மேலேறித் தேய்மானத்தைத் தானே ஈடுசெய்யும். தவறாக இருந்தால் சில மாதங்களில் அலகு மேலும் கீழும் ஆடத் தொடங்கும். கடையில் கத்தியை விரித்து, அலகின் முதுகில் விரலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தால் இந்த ஆட்டம் கைக்குத் தெரியும். பட்டனை அழுத்தியபடியே மூடித் திறந்து, உருளை சிக்குகிறதா என்றும் பார்க்கலாம். எஃகின் பெயரைப் படிப்பதைவிட இந்த அரை நிமிடச் சோதனை பயன் தரும்.

ஸ்பிரிங் எவ்வளவு வேகமாகத் தள்ள வேண்டும் என்பதில் இரு கட்சிகள். விசை பலமாக இருந்தால் தூசு இருந்தாலும் கட்டாயம் விரியும் என்பது ஒன்று. பலமாக அடித்தால், விரியும் அலகைத் தடுத்து நிறுத்தும் ஊசியும் அச்சும் அடி வாங்கும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு இயற்பியலின் துணை உண்டு. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ‘டக்’ என்ற பெரிய ஓசையை வலிமையின் அடையாளமாக எடுத்துக்கொள்வது தவறு, அது கத்தி தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் ஓசை. தயங்காமல் விரிந்து, கை அதிராமல் நிற்கிற கத்தியே நடுவழி.

அதே அதிர்ச்சிதான் அச்சின் ஸ்குரூவையும் தளர்த்துகிறது. திருகில் ஒரு துளி நீல லாக்டைட் பசை விடுவது பழைய, பலன் தரும் வழக்கம். சிவப்பு வகையை விட்டால் மறுபடி கழற்ற சூடு காட்ட வேண்டியிருக்கும். அச்சில் பாஸ்பர் வெண்கல வாஷரா, குண்டு பேரிங்கா என்ற விவாதமும் உண்டு. கையால் விரிக்கும் கத்தியில் பேரிங் தரும் வழுக்கல் பெரிய வரம். பட்டன் கத்தியில் தள்ளும் வேலையை ஸ்பிரிங் பார்த்துக்கொள்வதால் அந்த வரம் அவ்வளவு தேவையில்லை. அகலமாகப் பரவி அடி தாங்கும் வெண்கல வாஷரே இங்கே பொருத்தம் என்ற கருத்து வலுவாகத் தெரிகிறது.

எஃகு பற்றிய பேச்சு

இன்று ஒரு கத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதல் சொல்லே எஃகின் பெயராக இருக்கிறது. 1970களில் பாப் லவ்லெஸ் 154சிஎம் எஃகைக் கத்திக்குக் கொண்டுவந்தார். 2001இல் குரூசிபிள் நிறுவனம் கத்திக்கென்றே எஸ்30வி என்ற தூள் உலோக எஃகை வெளியிட்டது. 2021இல் லாரின் தாமஸ் வடிவமைத்த மேக்னாகட், குரோமியம் கார்பைடு இல்லாமலேயே துரு எதிர்ப்பையும் உடையாத் தன்மையையும் சேர்த்துத் தந்து பெரும் பெயர் வாங்கியது. இவை உண்மையான முன்னேற்றங்கள். கூர் நெடுநாள் நிற்பதும், வியர்வையில் புள்ளி விழாமலிருப்பதும் தினமும் பையில் வைத்திருப்பவருக்கு நல்லதுதான்.

ஆனால் கூர் நிற்பது ஒன்று, கத்தி நீடிப்பது வேறு. மழுங்கிய அலகைச் சாணை பிடித்துவிடலாம். ஆடும் பூட்டைச் சாணை பிடிக்க முடியாது. நடுத்தர எஃகில் நேர்த்தியான பொருத்தம் உள்ள கத்தி, உயர்ந்த எஃகில் தளர்ந்த பொருத்தம் உள்ள கத்தியைவிட நெடுநாள் உழைக்கும் என்றே நினைக்கிறேன். கூர் நிற்பதை அளக்க ஐஎஸ்ஓ 8442-5 என்ற பொதுச் சோதனை இருக்கிறது, ஷெஃபீல்டின் காட்ரா எந்திரத்தில் அட்டையை அறுத்து எண் சொல்லிவிடுகிறார்கள். எண் கிடைக்கிற இடத்துக்குப் பேச்சு போவது இயல்பு. எஃகுக்கு இவ்வளவு முதன்மை வந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

பழுது பார்ப்பும் சட்டமும்

கடைசி விடை, நீடிப்பது என்றால் உடையாமலிருப்பது அல்ல, உடைந்தால் சரிசெய்ய முடிவது என்கிறது. எனக்கு மிக நெருக்கமான விடை இதுதான். ஸ்பிரிங் என்றைக்காவது போகும், அது எத்தனை நாளில் மறுபடி கைக்கு வரும் என்பதே கேள்வி. சாதாரண டார்க்ஸ் ஸ்குரூடிரைவரால் கழற்ற முடிகிறதா, உதிரி ஸ்பிரிங் தருகிறார்களா, உரிமையாளர் கழற்றினால் உத்தரவாதம் ரத்தாகுமா என்ற மூன்றையும் வாங்குமுன் கேட்டுவிட வேண்டும்.

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. அமெரிக்க அஞ்சல் துறை வழியாகப் பட்டன் கத்தியை அனுப்பக் கூட்டாட்சிச் சட்டம் சில விலக்குகள் தவிர அனுமதிப்பதில்லை. உத்தரவாதம் வாழ்நாளுக்கு என்று எழுதியிருந்தாலும், பழுதான கத்தியைத் தொழிற்சாலைக்கு அனுப்பத் தனியார் கூரியரையே நாட வேண்டியிருக்கிறது. மாநிலங்களுக்கிடையே விதிகளும் ஒன்றுபோல் இல்லை. டெக்சாஸ் 2013இல் தடையை நீக்கியது. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட்டில் தன் மாநிலத் தடை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த அலகைத்தான் வெளியே கொண்டுசெல்லலாம். அதற்காகவே கெர்ஷாவின் லாஞ்ச் 4 போன்ற குட்டிக் கத்திகள் 1.9 அங்குல அலகோடு வருகின்றன.

இந்தியாவில் வாங்க நினைப்பவர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1980ஆம் ஆண்டு டெல்லி அறிவிக்கை 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டும் பட்டன், ஸ்பிரிங் கத்திகளை ஆயுதச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. ஆயுதச் சட்ட வழக்குகள் பல இந்த அளவுகளைச் சுற்றியே நடந்திருக்கின்றன. ஊருக்கு ஊர் விதி மாறுவதால், எத்தனை நல்ல கத்தியானாலும் பையில் வைக்கும் முன் அந்த ஊர் விதியைத் தெரிந்துகொள்வது அவசியம்.

1958 சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது. ஒரு கை மட்டுமே உள்ளவர் மூன்று அங்குலத்துக்கு மிகாத அலகுள்ள பட்டன் கத்தியைத் தன்னுடன் வைத்திருக்கலாம். கோபத்தில் எழுதப்பட்ட சட்டம் என்று பலர் குறை சொன்னாலும், இந்தக் கத்தி யாருக்கு உண்மையாகவே தேவை என்பதை அந்த ஒரு வரி மறக்கவில்லை. ஆயுள் பற்றிய பேச்சு முழுவதும் அந்த மனிதரை மனதில் வைத்து நடந்திருந்தால் வேறு மாதிரி போயிருக்கும். பாதி வழியில் நிற்கும் அலகை நுனியைப் பிடித்து இழுத்து விடுவிக்க அவருக்கு இன்னொரு கை இல்லை.

தீராமல் நிற்பவை

சுருள் ஸ்பிரிங் பட்டையைவிட மேல், அச்சும் பூட்டும் பொருந்திய விதம் எஃகின் பெயரைவிட மேல் என்பவற்றை ஓரளவு உறுதியாகவே சொல்லலாம். பக்கவாட்டு வகையா, நேரே பாயும் வகையா என்பதில் வேலை எது என்பதைப் பொறுத்தே தீர்ப்பு மாறும்.

கூருக்கு இருப்பதுபோல், ஒரு பட்டன் கத்தி எத்தனை முறை திறந்து மூடினால் தாங்கும் என்பதை எல்லா நிறுவனங்களும் ஏற்று வெளியிடும் பொது அளவுகோல் எதுவும் பழக்கத்தில் இல்லை. அது வந்தாலும் எதை எண்ணுவது என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. சுத்தமான அறையில் எந்திரம் பட்டனை ஐம்பதாயிரம் முறை தட்டினால் அது ஸ்பிரிங்கின் களைப்பைச் சொல்லும். வியர்வை ஊறிய பையில் பஞ்சும் மணலும் சேர்ந்து இரண்டு வருடம் கிடந்த கத்தி முதல் அழுத்தலில் விரியுமா என்பதைச் சொல்லாது. இரண்டையும் ஒரே எண்ணில் அடக்க முடியுமா, அல்லது தனித்தனியாகத்தான் அளக்க வேண்டுமா என்பதில் கத்தி செய்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.